ரசம் போகும் வழி

சுடலைமணி ஆறு வருஷமாகத் தங்கம் செய்துகொண்டிருந்தான்.

பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பாடுபட்டால் கடுகளவு வரும். எப்போதாவது மிளகளவு. ஆனால் தங்கம். கூடலூர் ஆசாரி உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நல்ல பொன்னா இருக்குதே, எங்க கெடச்சுது?" என்று கேட்டார். சுடலைமணி சிரித்து மழுப்பிவிட்டு வந்தான். கிடைத்ததல்ல, செய்தது என்று சொன்னால் அவர் நம்பவா போகிறார்?

தேவாலாவுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் பேக்டரியில் அவன் பிட்டர். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன்தான். ஆனாலும் ஒரு மெஷின் ஏன் ஓடவில்லை என்பதைப் பக்கத்தில் நின்று காது கொடுத்தே சொல்லிவிடுவான். 1951-ல் கூடலூர் சந்தையில், பழைய பேப்பர் விற்பவரிடம், முன்னட்டை கிழிந்த ஒரு கையெழுத்து நோட்டு அவன் கண்ணில் பட்டது. எழுதியவர் பெயர் இல்லை. பாதரசத்தைப் பொன்னாக்கும் முறை அதில் பாட்டும் உரையுமாக இருந்தது. ஒன்பது பச்சிலைகளின் சாறு வேண்டும். 'மலையின் வயிற்று மண்' வேண்டும். மண்ணை அலசி, ரசத்தோடு சேர்த்துச் சாறு விட்டு அரைத்து, துணியில் பிழிய வேண்டும். துணியில் தங்குகிற வெள்ளை உருண்டையை மூசை என்கிற மண்கிண்ணத்தில் போட்டு நெருப்பில் வைக்க வேண்டும். வீட்டுக்காரி தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலோடு உட்கார்ந்து அந்த நெருப்பை ஊத வேண்டும். கணவன் எதிரே இருந்து மந்திரம் சொல்ல வேண்டும்.

மலையின் வயிறு எது என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை. பல மாதம் கழித்து, எஸ்டேட் எல்லையில் இருந்த பழைய சுரங்கத்தின் வாசலில் நிற்கும்போது பளிச்சென்று பட்டது. எழுபது வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கம் தேடித் தோண்டிய சுரங்கம் அது. ஒன்றும் தேறாமல் விட்டுப் போனார்கள் என்பது ஊரறிந்த கதை. உள்ளே போய் வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக்கல் கலந்த மண்ணை ஒரு சாக்கில் அள்ளி வந்தான். அடுத்த ஞாயிறு மூசையின் அடியில் ஒரு மஞ்சள் மணி உட்கார்ந்திருந்தது. சுடலைமணி அதைப் பார்த்து அழுதுவிட்டான்.

அவன் பணக்காரனாக ஆசைப்பட்டவன் அல்ல. மனைவி இசக்கியம்மாவுக்கு ஒரு ஜோடிக் கம்மல் செய்து போட்டான். மீதி மணிகளை ஒரு தைலப் புட்டியில் போட்டு வைத்தான். பேக்டரியில் துரையிடம் திட்டு வாங்கும்போதெல்லாம், சித்தர்களுக்குக் கைவந்தது எனக்கும் கைவந்திருக்கிறது என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வான். அந்த நினைப்பு ஒரு கம்பளியைப் போல அவனைக் கதகதப்பாக வைத்திருந்தது.

1957 ஆடியில் இசக்கியம்மாவின் கை நடுங்க ஆரம்பித்தது.

முதலில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பிறகு டம்ளரில் காப்பி தளும்பியது. கொழுந்து பறிப்பதில் அவளை மிஞ்ச அவர்கள் குடியிருந்த கூலி லைனில் ஆள் கிடையாது. இப்போது கூடை பாதிகூட நிறையவில்லை. ஈறு வீங்கி ரத்தம் வந்தது. இரண்டு பற்கள் ஆடின. எல்லாவற்றையும்விட, அவள் ஆளே மாறிப்போனாள். யாராவது வாசலில் நின்று கூப்பிட்டால் கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள். காரணம் இல்லாமல் அழுதாள்.

சுரங்கத்தில் செத்த எவனோ ஒரு வெள்ளைக்காரன் பிடித்துக்கொண்டான் என்று லைனில் பேசிக்கொண்டார்கள். பந்தலூரிலிருந்து ஒருவர் வந்து எலுமிச்சம்பழம் அறுத்து, கயிறு மந்திரித்துக் கட்டிவிட்டுப் போனார். கயிறு கட்டிய கை முன்னைவிட அதிகமாக நடுங்கியது. அதன் பிறகுதான் சுடலைமணி அவளை எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான்.

டாக்டர் வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் மருந்து கொடுப்பது மெட்டில்டா. குன்னூரில் ஒரு வாத்தியார் வீட்டுப் பெண். மதராஸில் மருந்தாளர் படிப்புப் படித்தவள். முப்பத்தைந்து வயதிருக்கும். எல்லாரும் அவளைக் கம்பவுண்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

"வாயத் தொறங்க இசக்கியக்கா," என்றாள் மெட்டில்டா. ஈறின் ஓரத்தில் நீலம் பாய்ந்த ஒரு கோடு தெரிந்தது. வெகுநேரம் அதையே பார்த்தாள். "எச்சி நெறைய ஊறுதுங்களா?"

"ஆமாங்க. தலகாணியே நனஞ்சு போயிருதுங்க."

"ஊட்டுல பாதரசம் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

இசக்கியம்மா கணவனைப் பார்த்தாள். சுடலைமணி, "அதெல்லாம் இல்லீங்க," என்றான்.

மெட்டில்டா மேற்கொண்டு துருவவில்லை. வாய் கொப்பளிக்க மருந்து கலக்கிக்கொண்டே, பொதுவாகச் சொல்வதைப் போலச் சொன்னாள்: "மெட்ராஸ் பெரியாஸ்பத்திரியில படிக்கறப்ப, கண்ணாடிக்கு ரசம் பூசற ஆளுங்க வருவாங்க. அவங்களுக்கும் இதே மாதிரிதான் கை நடுங்கும். மனுசரப் பாத்தாப் பயம். ஒருத்தர் தன்ற கொழந்தையப் பாத்தே பயந்தாரு. ரசத்தச் சூடு பண்ணினா அது ஆவியாகி மூச்சோட உள்ள போயிருது. கண்ணுக்குத் தெரியாது. வாசமும் இல்ல."

மறுநாள் பேக்டரியில் டீ நேரத்துக்கு மணி அடித்ததும் சுடலைமணி ஆஸ்பத்திரிக்கு ஓடினான். மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க நின்று, "இருக்குதுங்க," என்று மட்டும் சொன்னான்.

அந்த ஞாயிறு மெட்டில்டா குடையைப் பிடித்துக்கொண்டு லைனுக்கு வந்தாள். "யார்கிட்டயும் சொல்றதுக்கு வரலைங்க அண்ணா. எனக்குப் பாக்கோணும், அவ்வளவுதான்," என்றாள். சுடலைமணி நோட்டை எடுத்துக் காட்டினான். ஆறு வருஷத்தில் முதல்முறையாகப் படித்த ஒருவரிடம் முழுசாகச் சொன்னான்: இலைகள், மண், ரசம், மந்திரம். சொல்லச் சொல்ல அவன் குரல் ஓங்கியது. மெட்டில்டா சிரிக்கவில்லை. அடுப்படியைப் பார்த்தாள். புகைபோக்கி இல்லாத சின்ன அறை. அடுப்புக்கு ஒரு சாண் தூரத்தில் இசக்கியம்மா உட்காரும் பலகை. தேவாலா மழைக்கு ஆனி தொடங்கி ஐப்பசி வரைக்கும் கதவைத் திறந்துவைக்க முடியாது.

"ஒம்பது எலையில எட்டு மட்டும் போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"தங்கம் வராதுங்க."

"போட்டுப் பாத்தீங்களா?"

சுடலைமணி நோட்டைப் புரட்டினான்.

"பேக்டரில மெஷின் நின்னு போனா என்னண்ணா பண்ணுவீங்க?"

"ஒவ்வொண்ணாக் கழட்டிப் பாப்பனுங்க."

"இதையும் அப்படிக் கழட்டிப் பாருங்களேன்."

போகுமுன் அவள் தைலப் புட்டியிலிருந்து ஒரு மணியைக் கேட்டு வாங்கி, கிண்ணத்தில் இருந்த ஒரு சொட்டு ரசத்தில் போட்டாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மஞ்சள் மறைந்து வெள்ளி நிறமானது. "தங்கம் எங்க போச்சு?" என்றாள். "உள்ளாறதான் இருக்குது," என்றான் சுடலைமணி. "அப்ப மண்ணுலயும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாமத் தூளா இருந்திருக்கலாம். ரசம் அதத் தேடிப் புடிச்சிருக்கும். இருந்திருக்கலாம்னுதான் சொல்றேன். நீங்கதான் பாத்துச் சொல்லோணும். இனிமே ஊட்டுக்குள்ள வேண்டாம். அக்காவப் பக்கத்துல விடாதீங்க."

அவள் போன பிறகு அவனுக்குக் கோபம்தான் வந்தது. படித்தவர்களுக்கு எதிலும் ஒரு குதர்க்கம் இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். ஆனால் 'கழட்டிப் பாருங்க' என்ற சொல் விடவில்லை. நின்றுபோன எந்த மெஷினையும் அவன் கும்பிட்டு ஓட்டியதில்லை. இதை மட்டும் ஏன் ஒருமுறைகூடப் பிரித்துப் பார்க்கவில்லை?

அடுத்த ஞாயிறு மழை சற்று விட்டிருந்தது. லைனுக்குக் கீழே ஓடைக்கரையில், காற்று வீசும் பக்கமாகப் பார்த்து, அடுப்பு மூட்டினான். முகத்தில் ஈரத்துணி. மண்ணை மட்டும் மாற்றினான். சுரங்கத்து மண்ணுக்குப் பதில் அவரைப் பந்தலுக்கு அடியில் இருந்த மண். ஒன்பது இலைச் சாறும் விட்டான். மந்திரத்தை நூற்றெட்டு முறை சொன்னான். ரசம் அத்தனையும் துணியை விட்டு ஓடியது. அடுப்பில் வைக்க ஒரு பொட்டுகூட மிஞ்சவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு சுரங்கத்து மண். இலை இல்லை, வெறும் ஓடைத்தண்ணீர். மந்திரம் வாய் வரைக்கும் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டான். மூசை ஆறியதும் குனிந்து பார்த்தான். மிளகைவிடப் பெரிய மணி ஒன்று இருந்தது. ஆறு வருஷத்தில் அவ்வளவு பெரிதாக வந்ததே இல்லை.

வீட்டுக்கு வந்தவன் கை கழுவாமல் சுவரோரம் உட்கார்ந்தான். இசக்கியம்மா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வந்துருச்சுங்களா?"

"வந்துச்சு. எலை போடாம, மந்திரம் சொல்லாம."

அவள் ஆச்சரியப்படவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியுமுங்க," என்றாள்.

"என்ன தெரியும்?"

"ரெண்டாவது வருசம் ஆடியில, அட்டைக்கடியில போயி ஒம்பது எலையும் தேடறதுக்கு முடியலீங்க. ஆறுதான் கெடச்சுது. நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு, முருங்கத் தழையக் கசக்கி ஊத்திப்போட்டேன். அன்னைக்கும் வந்துச்சு. அப்பறம் வேணும்னே ஒருக்கா எல்லாத்துக்கும் கீரைத்தண்ணி ஊத்தினேன். அப்பவும் வந்துச்சு."

"அஞ்சு வருசமா? ஏன் புள்ள சொல்லல?"

"அந்த மணியப் பாக்கறப்ப உங்க மூஞ்சி இருக்கறத நீங்க பாத்ததில்லையே," என்றாள் இசக்கியம்மா. "வாரத்துல ஆறு நாளு அந்த மூஞ்சி கெடையாதுங்க."

சுடலைமணி கணக்குப் போட்டுப் பார்த்தான். தான் ஒருமுறைகூடச் செய்யாத சோதனையை அடுப்பு ஊதியவள் எப்போதோ செய்து முடித்திருக்கிறாள். அவன் முகம் வாடக்கூடாது என்று அந்தப் புகையில் மேலும் ஐந்து வருஷம் உட்கார்ந்திருக்கிறாள். அவனுக்கும் ரசம் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். எதிரே தள்ளி, கதவோரம் இருந்ததால் தப்பித்தான். நடுங்கும் அவள் கைகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். அவள்தான் முதலில் பேசினாள்.

"நம்ம ஊட்டோட போகலீங்களே. நீங்க சொல்லிக் குடுத்தவங்க இருக்காங்கல்ல."

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெருமை தாங்காமல், இரண்டு வருஷத்துக்கு முன் பக்கத்து லைன் ஆறுக்குட்டிக்கு முறையைச் சொல்லிக் கொடுத்திருந்தான். ஆறுக்குட்டியிடமிருந்து அது மேலும் நான்கு வீடுகளுக்குப் போயிருந்தது. ஐந்து வீட்டிலும் பெண்கள்தான் ஊதினார்கள். ஆறுக்குட்டியின் மனைவி அம்சவேணி ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள்.

உடனே எழுந்து போனான். ஆறுக்குட்டியின் அடுப்படியில் அன்றைக்கும் மூசை ஏறியிருந்தது. அம்சவேணி ஈரத்தலையோடு ஊதுகுழலைப் பிடித்திருந்தாள். சுடலைமணி மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னான்: ரசம், ஆவி, நடுக்கம். ஆறுக்குட்டி கேட்டுவிட்டு மெதுவாகச் சிரித்தான்.

"ஏனுங்கண்ணா, இத்தன நாளு நீங்க செஞ்சப்ப வெஷமில்ல, நாங்க செஞ்சா வெஷமா? மண்ணு தீர்ந்து போயிரும்னு பாக்கறீங்களா?"

"அப்பிடி இல்லடா. மந்திரமே ஒண்ணுமில்ல, எலையும் ஒண்ணுமில்ல. கழட்டிப் பாத்துட்டேன்."

"நோட்டுல அப்பிடியா எழுதியிருக்குது?"

சுடலைமணி அம்சவேணியின் வயிற்றைப் பார்த்தான். உண்மையைப் புரியவைக்க நேரம் இல்லை. "நோட்டுல கடைசிப் பக்கத்துல இருக்குது," என்றான். "முழுகாம இருக்கறவ இந்த நெருப்புப் பக்கமே வரக்கூடாது. வந்தா ரசத்தோட கட்டு அவுந்து தெறிச்சுப் போகும்னு போட்டிருக்குது."

ஆறுக்குட்டி பதறிப்போய் மனைவியின் கையிலிருந்து குழலைப் பிடுங்கினான். "அம்சா, வெளிய போ. உங்கம்மா ஊட்டுக்கே போயிரு."

உண்மைக்கு அசையாதவன் பொய்க்கு அசைந்தான். திரும்பி வரும் வழியில் சுடலைமணிக்கு வாயெல்லாம் கசந்தது.

மறுநாள் மெட்டில்டாவிடம் சொன்னான். அவள் திட்டவில்லை. பாராட்டவும் இல்லை. "இன்னைக்கு அந்தப் பொண்ணு தப்பிச்சா. சரி," என்றாள். "ஆனா மத்த நாலு ஊட்டுக்கு என்ன பண்ணுவீங்க? ஆளுக்கொரு கடைசிப் பக்கம் எழுதுவீங்களா?"

"அவங்க கண்ணால பாத்தாத்தான் நம்புவாங்க. ஆவி கண்ணுக்குத் தெரியாதுங்கறீங்களே."

"சூட்டுல போறது குளுந்தாத் திரும்பி வரும். தண்ணி கொதிக்கறப்ப மூடியில வேர்க்குதில்ல, அது மாதிரிதான்."

அவ்வளவுதான் அவள் சொன்னது. அடுத்த இரண்டு வாரமும் சுடலைமணி பேக்டரிப் பட்டறையில், வேலை முடிந்து ஒரு மணி நேரம் இருந்து, ஒரு சாமான் செய்தான். திருகு மரையுள்ள மூடி போட்ட சின்ன இரும்புக் குப்பி. மூடியில் ஒரு குழாய். குழாயைக் கீழ்நோக்கி வளைத்து, நடுவில் ஈரச்சாக்குச் சுற்றினான். நுனி ஒரு தண்ணீர்ச் சட்டிக்குச் சற்று மேலே நிற்கும்படி வைத்து, அதில் ஈரத்துணியைக் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டான். மூன்று தடவை இடுக்கில் கசிந்தது. களிமண்ணும் சாம்பலும் குழைத்து அடைத்தான்.

புரட்டாசி முதல் ஞாயிறு, வெயில் வந்த ஒரு காலையில், ஐந்து வீட்டாரையும் ஓடைக்கரைக்குக் கூப்பிட்டான். இசக்கியம்மாவும் வந்தாள். பல வாரமாக ஆஸ்பத்திரிக்குத் தவிர வெளியே தலைகாட்டாதவள்; மெட்டில்டாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா வீட்டிலிருந்து அம்சவேணியும் வந்து ஒரு பாறையில் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

சுடலைமணி ஒருவரையும் பார்க்காமல் பேசினான். "உங்களுக்கு நான் சொல்லிக் குடுத்த மந்திரத்துல ஒண்ணுமில்ல. நான் தங்கம் செய்யல. வெள்ளக்காரன் விட்டுட்டுப் போன மண்ணுலயே அது இருந்துச்சு. ரசம் பொறுக்கிக் குடுத்துச்சு. நானாச் செஞ்சேன்னு நெனச்சிட்டு இருந்தேன்." ஆறுக்குட்டியின் பக்கம் திரும்பினான். "நோட்டுல கடைசிப் பக்கம்னு ஒண்ணும் கெடையாது. அது நான் சொன்ன பொய்."

ஆறுக்குட்டியின் முகம் சிவந்தது. "அப்ப என்ற பொண்டாட்டிய ரெண்டு வாரமா அம்மா ஊட்டுல ஒக்கார வெச்சது பொய்க்கா? எதத்தான் நம்பறது உங்கள? அம்சா, எந்திரி, ஊட்டுக்குப் போலாம்."

"போலாம். இதப் பாத்துட்டுப் போ," என்றான் சுடலைமணி.

வெள்ளை உருண்டையைக் குப்பிக்குள் போட்டு மூடியைத் திருகி நெருப்பில் வைத்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. யாரோ இருமினார்கள். பிறகு குழாய் நுனித் துணியிலிருந்து தண்ணீருக்குள் ஒரு சொட்டு விழுந்தது. வெள்ளியாய் உருண்டு சட்டியின் அடியில் நின்றது. அடுத்து இன்னொன்று. அப்புறம் வரிசையாகச் சொட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து கோலிக்குண்டு அளவு ஆனது. பெண்கள் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்கள். தங்கத்தைப் பார்த்தபோதுகூட அவர்கள் முகத்தில் இவ்வளவு வியப்பு இருந்ததில்லை.

"நெருப்புல வெச்ச ரசம் எரிஞ்சு போகல," என்றான் சுடலைமணி. "இத்தனையும் காத்துல வந்திருக்குது. குழாய் இல்லாதப்ப இது எங்க போச்சு?"

அப்போது இசக்கியம்மா மெட்டில்டாவின் முந்தானையை விட்டுவிட்டு முன்னால் வந்தாள். ஒரு டம்ளரில் ஓடைத்தண்ணீர் மொண்டு, அதை எல்லார் முன்னாலும் நீட்டிப் பிடித்தாள். தண்ணீர் தளும்பித் தளும்பி அவள் மணிக்கட்டிலும் சேலையிலும் வழிந்தது. டம்ளரில் பாதிகூட மிஞ்சவில்லை.

"இங்கதான் போச்சுங்க," என்றாள்.

அவள் குரலும் நடுங்கியது. ஆனால் ஒளியவில்லை, டம்ளரைக் கீழே வைக்கவும் இல்லை. அம்சவேணி எழுந்து வந்து அதை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு கணவனைப் பார்த்து, "இனிமே நான் ஊத மாட்டேன். நீயும் ஊட்டுக்குள்ள வெக்காதே," என்றாள். ஆறுக்குட்டி குப்பியையே வெறித்துக்கொண்டிருந்தான். கடைசியில், "இந்த மூடிக்கு மரை எப்பிடிண்ணா போட்டீங்க?" என்று கேட்டான்.

அதன் பிறகு நான்கு வீட்டுக்குச் சுடலைமணி குப்பி செய்து கொடுத்தான். ஐந்தாவது வீட்டுப் பொன்ராஜ் மட்டும் வாங்கவில்லை. "பொய் சொன்னதால உங்களுக்குச் சித்தி போயிருச்சு. எனக்கு மந்திரம் இன்னும் பலிக்குது," என்று கதவை மூடிக்கொண்டான். டாக்டர் கோயமுத்தூரிலிருந்து ஊசி வரவழைத்து இசக்கியம்மாவுக்குப் போட்டார். கார்த்திகைக்குள் ஈறு ஆறியது, பயம் விலகியது. கை மட்டும் முழுசாக நிற்கவில்லை. கொழுந்துக்குப் போக முடியாது என்று, பேக்டரியில் தேயிலையில் காம்பு பொறுக்கும் வேலைக்கு மாற்றிக்கொண்டாள். தை மாதம் அம்சவேணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மெட்டில்டா குழந்தையைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றாள். ஆனாலும் ஒரு வருஷம் மாதாமாதம் கொண்டுவந்து காட்டச் சொன்னாள்.

சுடலைமணி பிறகு சுரங்கத்துக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் அவனுக்கு வெறிச்சென்று இருந்தன. சித்தன் என்ற நினைப்பு போன இடத்தில் குளிர் அடித்தது. ஒருநாள் மெட்டில்டாவிடம் அதைச் சொல்லவும் செய்தான். "அந்தக் குப்பி எந்த நோட்டுலயும் இல்லீங்கண்ணா. அது மட்டும் நீங்க செஞ்சது," என்றாள் அவள். அவன் அதை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் பொன்ராஜ் வீட்டுக்குப் போகத் தொடங்கினான். வாசலிலேயே நின்று அதே விஷயத்தைச் சொல்வான். பொன்ராஜ் ஒருநாள் கேட்பான், ஒருநாள் விரட்டுவான்.

பங்குனியில் ஒரு மத்தியானம் பேக்டரிப் பட்டறை வாசலில் பொன்ராஜின் மனைவி மூக்கம்மா நின்றாள். முக்காடு போட்டிருந்தாள். உள்ளே வரவில்லை.

"அண்ணா, அந்தக் கொழாய் வெச்ச சாமான் ஒண்ணு வேணுமுங்க. அவருக்குத் தெரிய வேண்டாம். அவரு மந்திரம் சொல்றப்பக் கண்ண மூடிக்குவாரு. அந்நேரம் உருண்டைய எடுத்துட்டுப் போயி, ஓடைக்கரையில இதுல வெச்சு நானே பாத்துக்கறேன்; மணிய மட்டும் மூசையில கொண்டாந்து போட்டர்றேன்."

சுடலைமணி அவள் கைகளைப் பார்த்தான். இன்னும் நடுங்கத் தொடங்கவில்லை. ஒரு துண்டு இரும்புக் குழாயை எடுத்து இடுக்கியில் மாட்டினான்.

"உள்ள வாங்க," என்றான். "எப்பிடி அடைக்கறதுன்னு பாத்து வெச்சுக்கங்க. கசிஞ்சா நீங்களே சரி பண்ணிக்கலாம்."